தை என்பது ஒரு நட்சத்திரம்

பிள்ளைகளுக்குத் தை மாதத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது பானை, கரும்பு, மாடு என்று படம் போட்டுக் காட்டிவிடுகிறோம். பெயருக்கு மட்டும் விளக்கம் இல்லை. துணி தைக்கிற தையா என்று ஒரு பிள்ளை கேட்டால், நியாயமான கேள்விதான்.

முழுநிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ, அதன் பெயரே மாதத்துக்கு. விசாகம் வைகாசியானது, மகம் மாசியானது. தையில் நிலா நிற்பது பூசத்தில். பூசத்துக்குத் திஷ்யம் என்று பழைய வடமொழிப் பெயர் ஒன்றுண்டு. அதிலிருந்து தைஷம், அது தேய்ந்து தை. அசோகர் தம் கலிங்க ஆணைகளைத் திஷ்ய நாளில் படித்துக்காட்டச் சொன்னார். அனுராதபுரத்து அரசன் தேவநம்பியதீசன் பெயரில் இருப்பதும் இதே மீன். ஆகவே தைப்பூசம் என்னும்போது ஒரே நட்சத்திரத்தை இரண்டு முறை சொல்கிறோம், ‘கேட்டுவாசல்’ மாதிரி.

இரவல் சொல்தான், ஆனால் தமிழ் அதைத் தன் அச்சில் வார்த்துக்கொண்டது. பன்னிரண்டு மாதங்களையும் பிள்ளைகளை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்: எல்லாம் இகரத்திலோ ஐகாரத்திலோ முடியும். சங்கப் பாடல்களில் இது ‘தைஇ’ என்று நீண்டு ஒலிக்கிறது. அங்கே தை என்றதும் நினைவுக்கு வருவது குளிர்ந்த குளமும் நோன்பு நீராட்டும். பரிபாடல் தைந்நீராடலைப் பாடுகிறது. முன்பனிக் காலத்தில் மார்கழியோடு தையும் சேர்ந்ததுதானே.

தென்னேரி என்னும் ஏரிக்கரை ஊரில் இன்றும் தைக்கு முதல் அடையாளம் தண்ணீர்தான். திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவியது என்பர். ஊர்ப்பெயரும் மாதப்பெயரைப் போலத் தேய்ந்ததே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்திருந்தால் சம்பா அறுத்த கையோடு அடுத்த நெல்லான நவரைக்கு மடை திறப்பார்கள். ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்பதற்கு, அறுத்த வயலில் நடைவழி தெரியும் என்று விளக்கம் சொல்வார்கள். மறுபடி சேறு கலக்கும் ஊரில் அது எடுபடாது. சம்பா நெல் விற்ற காசில் கடன் அடைவதும், மார்கழியில் தள்ளிவைத்த கல்யாணப் பேச்சு தொடங்குவதும்தான் இங்கே வழி.

பூசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏரிக்கரை நல்ல இடம். தைப்பூச இரவுதான் ஆகாது. கடக ராசியில் உள்ள அந்த மங்கலான மீன்கள் முழுநிலா வெளிச்சத்தில் மறைந்துபோகும். ஐந்தாறு நாள் பொறுத்தால் நிலா நடுநிசியை ஒட்டித்தான் எழும். அதற்கு முன், இரவு எட்டு மணி வாக்கில் கிழக்கே அண்ணாந்து பார்க்கச் சொல்லலாம்.