விளம்பரப் பென் டிரைவ்

விளம்பரப் பென் டிரைவ் என்பது, ஒரு நிறுவனத்தின் பெயரோ சின்னமோ பொறிக்கப்பட்டு, வாடிக்கையாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் இலவசமாக வழங்கப்படும் யூ.எஸ்.பி நினைவகம் ஆகும். தமிழில் இது விரலி என்றும் அழைக்கப்படுகிறது. கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை, தினசரி நாட்காட்டி, டைரி ஆகியவற்றின் வரிசையில் வந்த அண்மைக்காலப் பொருள் இது எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நாட்காட்டி கிழிந்தால் பெற்றவருக்குப் பெரிய இழப்பில்லை. பென் டிரைவ் பழுதானால் அதிலுள்ள கோப்புகளும் அழியும். அப்போது அவர் கையில் எஞ்சுவது வழங்கியவரின் பெயர் மட்டுமே.

வரலாறு

பிளாஷ் நினைவகத்தை 1980களில் சப்பானின் தோசிபா நிறுவனத்தில் பணிபுரிந்த புஜியோ மசுவோக்கா உருவாக்கினார். 2000 ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப் டிரைவ் என்ற பெயரில் யூ.எஸ்.பி நினைவகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம் நிறுவனம், இசுரேலின் எம்-சிஸ்டம்ஸ் வடிவமைத்த 8 மெகாபைட் கருவியை விற்கத் தொடங்கியது. அக்கால நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட் மட்டுமே. விலை குறையக் குறைய இது அன்பளிப்புப் பொருளாகவும் மாறியது.

தொடக்கத்தில் கணினியில் செருகியதும் நிறுவனத்தின் விளம்பரம் தானாகத் திறக்கும்படி அமைப்பதுண்டு. இவ்வழியே நச்சுநிரல்களும் பரவியதால் மைக்ரோசாப்ட் 2009 இல் வெளியான விண்டோசு 7 இலும், 2011 இல் வழங்கிய இற்றைப்படுத்தல் மூலம் பழைய பதிப்புகளிலும் இவ்வசதியை நிறுத்திவிட்டது.

கொள்வனவு

சிவகாசி நாட்காட்டிகளுக்கான புதிய ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியிடப்படுவது வழக்கம். பென் டிரைவுக்கு அத்தகைய பருவம் ஏதுமில்லை. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் இயங்கும் ஒரு சிறு நிறுவனம் இருநூறு பென் டிரைவ்கள் வாங்க விரும்பினால், உள்ளூர் அச்சகத்தின் வழியாகவோ சென்னை ரிச்சி தெருவின் மின்னணுப் பொருள் வணிகர்களிடமோ வாங்கலாம். பெயரைப் பொறிக்க நெகிழி உறைக்குத் திரை அச்சும், உலோகம், மரம் ஆகியவற்றுக்கு லேசர் செதுக்கலும் பொருத்தமானவை. லேசர் எழுத்து எளிதில் அழியாது.

வாங்குவோர் பெரும்பாலும் உறையின் அழகையே பார்க்கின்றனர். விலையையும் தரத்தையும் முடிவு செய்வது உள்ளே இருக்கும் சில்லு ஆகும். 16 கிகாபைட் எனக் குறித்த பென் டிரைவ் விண்டோசில் ஏறத்தாழ 14.9 எனக் காட்டுவது குறையன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோசு 1024 இன் மடங்கிலும் கணக்கிடுவதே காரணம். போலிக் கொள்ளளவு இதிலிருந்து வேறானது. 8 கிகாபைட் சில்லின் கட்டுப்படுத்தியை மாற்றியமைத்து 64 எனக் காட்டச் செய்கின்றனர். முதல் 8 கிகாபைட் வரை எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். அதன்பின் கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், உள்ளடக்கம் இராது. எனவே செருகிப் பார்ப்பது சோதனை ஆகாது. முழுவதும் எழுதி, மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. நொடிக்கு 5 மெகாபைட் எழுதும் பென் டிரைவில் 16 கிகாபைட்டை நிரப்ப ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். ஆகையால் இருநூறையும் சோதிக்க இயலாவிடினும், வந்திறங்கிய சரக்கிலிருந்து சிலவற்றையேனும் வாங்குபவரே தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டும். விற்பவர் தரும் மாதிரி ஒன்றை மட்டும் சோதிப்பதால் பயன் குறைவு.

நச்சுநிரல்

2010 மே மாதம் ஆத்திரேலியாவில் நடந்த ஆஸ்செர்ட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஐ.பி.எம் வழங்கிய பென் டிரைவ்களில் நச்சுநிரல் இருந்தது. பின்னர் அந்நிறுவனமே பங்கேற்றோருக்கு அதனைத் தெரிவித்து எழுதியது. 2017 டிசம்பரில் தைவான் அதிபர் மாளிகையில் நடந்த தகவல் பாதுகாப்பு நிகழ்ச்சியில், வினாடி வினாவில் வென்றோருக்குக் காவல் துறை பரிசளித்த 250 பென் டிரைவ்களுள் 54 இல் நச்சுநிரல் காணப்பட்டது. ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அவற்றைச் சோதித்த கணினியிலிருந்தே அது தொற்றியிருந்தது. சோதிக்கும் கணினியும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. சோதித்தபின் ஒவ்வொன்றையும் புதிதாக வடிவூட்டிக் கொடுப்பது நன்று.

இந்தியாவில் சி-டாக் உருவாக்கிய யூ.எஸ்.பி பிரதிரோத் என்ற இலவச மென்பொருள் 2017 இல் வெளியிடப்பட்டது. இது கணினியில் எந்தெந்தப் பென் டிரைவ்களை அனுமதிப்பது என்பதைக் கட்டுப்படுத்துகிறது. யூ.எஸ்.பி வாய்களை முற்றிலும் முடக்கியுள்ள அலுவலகங்களும் உள்ளன. அத்தகைய இடங்களில் பணிபுரிவோருக்கு இவ்வன்பளிப்பால் பயனில்லை.

வரி

பென் டிரைவுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. ஒன்று 250 ரூபாய் எனக் கொண்டால் இருநூற்றுக்கு 50,000 ரூபாயும் வரி 9,000 ரூபாயும் ஆகும். மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017 இன் 17(5) ஆம் பிரிவின்படி, அன்பளிப்பாக வழங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோர முடியாது. எனவே அந்த 9,000 ரூபாயையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.