ஆற்றுமணலை மூடும் நுண்வண்டல்: தடுப்பணையில் நீர் தேங்கியும் நிலத்தில் இறங்காதது ஏன்?

காந்திநகர்: ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்து ஆரவல்லி மலையில் தோன்றும் மேற்கு பனாஸ் ஆறு, குஜராத்தில் தாந்திவாடா அணையைக் கடந்து, கட்ச் சிறு ரண் பகுதியில் முடிவடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி அதன் படுகை வெறும் மணலாகவே காட்சியளிக்கும். வட குஜராத்தின் நிலத்தடி நீருக்கு அந்த மணலே நுழைவாயில். பனாஸ்காண்டா, மெஹ்சானா மாவட்டங்களின் பல தாலுகாக்கள் மிகைநுகர்வுப் பிரிவில் வைக்கப்பட்டுள்ள நிலையில், மணற்படுகையின் மேற்பரப்பில் படியும் மெல்லிய வண்டல் ஏடு அந்த நுழைவாயிலை அடைத்துவிடக்கூடும்.

மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவதற்காகக் கட்டப்படும் தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை ஆகிய அனைத்துக்கும் பொதுவான சிக்கல் இது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட செறிவூட்டல் பெருந்திட்டம், நாடு முழுவதும் ஏறத்தாழ 1.42 கோடி மழைநீர் சேமிப்பு மற்றும் செறிவூட்டல் கட்டமைப்புகளைப் பரிந்துரைத்தது. 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டில் ஓராண்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீர் 245.64 பில்லியன் கன மீட்டர். இத்தனை நீரை ஈடுசெய்யும் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்கவேண்டிய கட்டமைப்புகளின் எண்ணிக்கை அரசு அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. கட்டி முடித்த சில ஆண்டுகளுக்குப் பின் அவற்றின் அடியில் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் இறங்குகிறது என்ற கணக்கு அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை.

துகள் சிறுத்தால் சிக்கல் பெரிது

இந்தியத் தர அளவீட்டின்படி 0.075 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் மணல், 0.002 மில்லிமீட்டர் வரையிலானவை வண்டல். அதற்கும் கீழே களிமண். நீரில் துகள் மூழ்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை அயர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவினார். அவரது சூத்திரப்படி, அசைவற்ற நீரில் 0.1 மில்லிமீட்டர் துகள் ஒரு மீட்டர் ஆழத்தை ஏறத்தாழ 2 நிமிடங்களில் கடக்கும். 0.01 மில்லிமீட்டர் துகளுக்கு 3 மணி நேரம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ சுமார் 13 நாட்கள் தேவைப்படும்.

எனவே வெள்ளம் புகுந்ததும் மணல் முதலில் படிகிறது, அதன்மேல் வண்டல், நீர் அமைதியடைந்து பல நாட்கள் கழிந்த பின்னரே களிமண். மிகவும் இறுக்கமான ஏடு எப்போதும் உச்சியில் அமைவது இதனால்தான்.

எல்லாத் துகளும் மேலேயே நின்றுவிடுவதில்லை. அரை மில்லிமீட்டர் மணல் மணிகள் நெருக்கமாக அடுங்கியிருந்தால், அவற்றுக்கிடையே உள்ள குறுகிய வாயில் ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் துகள் வரை நுழையலாம். அவ்வாறு நுழைந்தவை சற்று ஆழத்தில் ஒன்றோடொன்று முட்டி, பாலம் போல் நின்று வழியை அடைக்கின்றன. வெயில் படும் ஆழமற்ற நீரில் பாசியும் நுண்ணுயிர்களின் பிசுபிசுப்பும் சேர்ந்து அந்த அடைப்பை மேலும் உறுதியாக்குகின்றன.

இந்த ஏடு எவ்வளவு நீரைத் தடுக்கும் என்பதை எளிய கணக்கில் காணலாம். நாளொன்றுக்கு 10 மீட்டர் நீரைக் கடத்தவல்ல மணல், ஒரு மீட்டர் தடிமனில் இருப்பதாகக் கொள்வோம். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிகிறது. அதன் கடத்துதிறன் நாளொன்றுக்கு 0.01 மீட்டர் மட்டுமே. தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது தடை: மணலுக்கு 0.1, வண்டலுக்கு 1. அதாவது மணலின் தடிமனில் நூறில் ஒரு பங்கே உள்ள வண்டல், மொத்தத் தடையை 11 மடங்காக்கிவிடுகிறது. பிரான்ஸின் திஜோன் நகரில் மணல் வடிகட்டிகளை ஆராய்ந்து ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட விதியே இக்கணக்குக்கு அடிப்படை.

நீரின் ஆழத்தைக் கூட்டினால் அழுத்தம் பெருகி நீர் வேகமாக இறங்கும் என்று தோன்றலாம். ஆனால் அதே அழுத்தம் மென்மையான வண்டல் ஏட்டை மேலும் இறுக்குவதால், தடுப்பணையின் உயரத்தைக் கூட்டுவது எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. தேக்கம் பெருகும், கோடையில் ஆவியாகும் நீரும் பெருகும்.

மணல் மேலே, கற்கள் கீழே

செறிவூட்டுக் குழிகளுக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகுத்துள்ள அமைப்பு இந்த அறிவியலைப் பின்பற்றியதே. அடியில் 5 முதல் 20 சென்டிமீட்டர் கற்கள், நடுவில் 5 முதல் 10 மில்லிமீட்டர் சரளை, உச்சியில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் பருமணல் என்ற வரிசையில் குழி நிரப்பப்படுகிறது. வரும் வண்டல் மேல் மணலிலேயே தங்கிவிடும். அந்த மணலை மட்டும் அள்ளிக் கழுவினால் போதும். வரிசையைத் தலைகீழாக்கினால் வண்டல் கற்களின் இடைவெளி வழியே அடிவரை சென்றுவிடும். அதன்பின் குழியையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

ஆற்றுப்படுகையில் இத்தகைய ஏற்பாடு இயலாது. அங்கு கைகொடுப்பது வெயில். நீர் வற்றியதும் களிமண் ஏடு சுருங்கி, வெடித்து, ஓரங்கள் சுருண்டு எழும்பும். அந்நிலையில் மேலிருந்து சில சென்டிமீட்டர் வழித்தெடுத்தாலே மணல் மீண்டும் வாய்திறக்கும். ஈரம் காயுமுன் கனரக இயந்திரங்களை இறக்கினால், அவற்றின் எடை வண்டலை மணலுக்குள் அழுத்திவிடுகிறது. ஆழமாகத் தோண்டினாலோ, வண்டலோடு மணலும் லாரியில் ஏறிவிடுகிறது.

குஜராத் அரசு 2018-இல் தொடங்கிய சுஜலாம் சுஃபலாம் நீர் இயக்கமும், அணை வண்டலை வயல்களுக்குக் கொண்டுசெல்ல மகாராஷ்டிர அரசு 2017-இல் அறிவித்த திட்டமும் மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களைப் பயன்படுத்திக்கொள்பவை. இத்தகைய பணிகளில் அள்ளப்பட்ட மண்ணின் கன அளவே சாதனையாகக் கணக்கிடப்படுவது வழக்கம். நீர் தேக்கும் கொள்ளளவுக்கு அது பொருத்தமான அளவுகோல். நீர் இறங்கும் திறனுக்கு அல்ல.

பாசனக் குளத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு அடியில் படிந்த களிமண் நீரைக் கசியவிடாமல் காப்பதால், அதை முற்றிலும் சுரண்டி எடுத்தால் வாய்க்காலுக்குப் போகவேண்டிய நீர் நிலத்துக்குள் போய்விடும். ஆகவே நீர்நிலை எதற்காக உள்ளது என்பதை முடிவு செய்த பிறகே தூர்வாரும் ஆழத்தை வகுக்க வேண்டியுள்ளது.

கசிவுநீர்க் குட்டையின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நீரோட்டம் நின்றபின், குட்டையில் நட்ட அளவுகோலில் தினமும் எத்தனை மில்லிமீட்டர் நீர் குறைகிறது என்று குறித்து, அதிலிருந்து ஆவியாதலையும் இறைப்பையும் கழித்தால், மண்ணுக்குள் இறங்கிய அளவு கிடைத்துவிடும். ஏறத்தாழ ஒரே நீர்மட்டத்தில் எடுக்கப்பட்ட இந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு சரிந்து வந்தால், அடியில் ஏடு படிந்திருக்க வாய்ப்புண்டு. கோடையில் படுகை காய்ந்ததும் அதை நேரில் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம்.