டபிள்யூ.சி.ஜி-1

டபிள்யூ.சி.ஜி-1 என்பது மகாராட்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் போர் காட், தால் காட் பாதைகளில் சரக்கு வண்டிகளை இழுத்த மின்சார இரயில் எஞ்சின் வகை ஆகும். 1928 முதல் கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வேக்காக 41 எஞ்சின்கள் கட்டப்பட்டன. முதல் பத்து சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலும், மற்றவை இங்கிலாந்தின் வல்கன் பவுண்டரியிலும் உருவாயின.

மலைப்பாதை

கர்ஜத்-லோணாவளா இடையிலான போர் காட் பாதை 1863ல் திறக்கப்பட்டது. பல சுரங்கங்களைக் கொண்ட இப்பாதை 37 அடி தொலைவுக்கு ஓர் அடி உயர்கிறது. நீராவி எஞ்சின்கள் ஏறும்போது சுரங்கங்களில் புகை சூழ்ந்தது. வழியில் ஓர் இடத்தில் வண்டியின் திசையையும் மாற்ற வேண்டியிருந்தது. 1929ல் புதிய சுரங்கங்களுடன் பாதை திருத்தப்பட்டதால் இத்திசைமாற்றம் நீங்கியது. அவ்வாண்டே 1500 வோல்ட் நேர்மின்னோட்டத் தடம் புனேயை எட்டியது. சென்னை கடற்கரை-தாம்பரம் பாதையும் 1931ல் இதே மின்னழுத்தத்தில் மின்மயமானது.

அமைப்பு

இரு பகுதிச் சக்கரங்களும் தனித்தனியே திரும்புவதால் மலை வளைவுகளில் எளிதாகச் செல்லும். இறக்கத்தில் மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி வேகத்தைக் கட்டுப்படுத்தும். அப்போது உண்டாகும் மின்சாரம் மேல்நிலைக் கம்பிக்குத் திரும்பி, ஏறிவரும் வண்டிகளுக்குப் பயன்படும். இதனால் தடைக்கட்டைகள் சூடேறித் தேய்வதும் குறையும். நீளும் தண்டுகளால் சக்கரங்கள் சுழலும் இவ்வெஞ்சினை மராத்தியில் 'கேக்டா' (நண்டு) என அழைத்தனர்.

1990களில் இவ்வகை ஓய்வு பெற்றது. 'சர் லெஸ்லி வில்சன்' எனும் எஞ்சின் புது தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது.