கவிழ்ந்த பனிப்பாறையும் காணாமல் போன ஊர்களும்

போகிக்கு முதல் நாள் பரண் சுத்தம் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை ஏறியது நான். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால்... மாமாவின் பழைய வீடியோ கேம்!

கீழே இருந்து மாமா சத்தம் போட்டார். "டேய், அதைத் தூக்கிப் போட்டுடாதடா! கேசட்டை ஊதிட்டு மாட்டு, ஓடும் பாரு!"

நம்பிக்கை இல்லாமல்தான் மாட்டினேன். ஓடியது! மேலட்டையில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. எண்ணினால் அதே பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகின்றன. அது 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல். அதில் இருந்த சூப்பர் மரியோ 1985-ல் வந்த விளையாட்டு. நான் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கு முந்தையது. மாமா ரிமோட்டைப் பிடுங்கி முதல் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தார்.

அன்று இரவு ஒரு யோசனை வந்தது. மாமாவின் சின்ன வயசு பரணில் பத்திரமாக இருக்கிறது. என்னுடையது எங்கே?

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது விளையாடியது கிளப் பெங்குவின். கேசட் கிடையாது, குறுந்தகடு கிடையாது. பிரவுசரில் முகவரி அடித்தால் ஒரு பனித்தீவு வரும், அங்கே நீங்கள் ஒரு பெங்குவின். அந்தத் தீவு இப்போது இல்லை. பரணில் தேடினாலும் கிடைக்காது.

சரி, இப்படித் தொலைந்த ஊர்களின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

ராத்திரியில் மட்டும் திறந்த ஊர்

1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுத ஆரம்பித்தார். 1980-ல் அதை ரிச்சர்ட் பார்ட்டில் கையில் எடுத்துக்கொண்டார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ' என்று தட்டினால் அடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று வரிகள் வரும். ஆனால் அந்த இடத்தில் இன்னொரு மனிதரும் நின்றுகொண்டிருப்பார்! அதுதான் புதுமை. பகலில் கணினிக்கு வேறு வேலை இருந்ததால் வெளியாட்கள் ராத்திரியில்தான் வந்து ஆட முடிந்தது. புதையல் தேட வந்தவர்கள் பலர், கடைசியில் அரட்டைக்காகவே தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

பொம்மை வாங்கி விற்ற பணக்காரர்கள்

படத்தோடு வந்த முதல் பெரிய முயற்சி ஹாபிடாட். ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் இருவரும் கொமடோர் 64 கணினிக்காகச் செய்தது. 1986-ல் சோதனை ஓட்டம் தொடங்கியது. திரையில் நம் உருவத்தை 'அவதார்' என்று அழைப்பதைப் பரப்பியது இந்த விளையாட்டுதான். நம்ம ஊர்ச் சொல்!

அங்கே நடந்ததைப் பற்றி அவர்கள் இருவரும் பிறகு ஒரு கட்டுரை எழுதினார்கள். படித்தால் நம் தெருக்கதை போலவே இருக்கிறது. ஒரு எந்திரத்தில் பொம்மை 75 டோக்கன். ஊரின் இன்னொரு மூலையில் இருந்த அடகு எந்திரம் அதே பொம்மையை 100 டோக்கனுக்கு வாங்கிக்கொண்டது. நடத்தியவர்கள் செய்த சின்னத் தவறு. சிலர் இதைக் கண்டுபிடித்து விடிய விடியப் பொம்மையைச் சுமந்தார்கள். அந்த லாபத்தில் 18,000 டோக்கனுக்குப் படிகக் கோளம் வாங்கி 30,000-க்கு விற்றார்கள். விடிந்தபோது ஊரில் புழங்கிய மொத்தப் பணம் ஐந்து மடங்காகி இருந்தது. ஆனால் அந்தப் புதுப் பணக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மற்றவர்களுக்காகப் புதையல் வேட்டை நடத்திப் பரிசு கொடுத்தார்கள்.

அந்த ஊரில் கல்யாணம் நடந்தது. ஒருவர் செய்தித்தாள் நடத்தினார். நிஜ வாழ்க்கையில் பாதிரியாராக இருந்த ஒருவர் ஆயுதம் தொடக்கூடாது, திருடக்கூடாது என்று விதி வைத்து ஒரு சபையே ஆரம்பித்தார். விளையாட்டில் கொலை செய்வது குற்றமா இல்லையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. இதில் எதையும் யாரும் நிரலில் எழுதவில்லை. மனிதர்கள் வந்தார்கள், அன்றாட வாழ்க்கையும் கூடவே வந்துவிட்டது.

பனித்தீவு

கிளப் பெங்குவின் 2005 அக்டோபரில் கனடாவின் கெலோனா நகரில் பிறந்தது. 2007-ல் டிஸ்னி அதை 35 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே நிறைய ஆட்டங்கள் உண்டு. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது ஆட்டங்கள் இல்லை. பீட்சா கடைதான். யாரோ ஒரு குழந்தை தானாகவே சர்வர் ஆகி 'என்ன வேண்டும்?' என்று கேட்கும். நாங்கள் உட்கார்ந்து ஆர்டர் கொடுப்போம். வராத பீட்சாவைச் சாப்பிடுவோம். யாரும் சொல்லித்தராத விளையாட்டு அது!

தீவின் ஓரத்தில் ஒரு பனிப்பாறை இருந்தது. ஒரே பக்கமாக எல்லோரும் கூடி நின்று ஆடினால் அது கவிழும் என்று ஒரு வதந்தி. தலைக்கவசம் போட்டுத் துளைபோடும் கருவியோடு வருடக்கணக்காக முயன்றோம். அசையவே இல்லை. தீவை மூடப்போவதாக அறிவித்த பிறகு, 2017 தொடக்கத்தில் அதைக் கவிழ விட்டார்கள். அந்த மார்ச் கடைசியில் தீவு மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய தீவும் 2018 இறுதியில் போய்விட்டது. ரசிகர்கள் சொந்த சர்வரில் நடத்திய ஒரு நகலை 2022 ஏப்ரலில் லண்டன் மாநகரப் போலீசார் முடக்கினார்கள், மூன்று பேர் கைதானார்கள்.

எதைக் காப்பாற்ற முடியும்?

2023-ல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லையாம். 2020 முடிவில் ஃபிளாஷ் நின்றுபோனது. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வலர் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் அசைபடங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. சர்வரை மூடினாலும் ஆட வழி விட்டுப் போக வேண்டும் என்று கேட்டு ஐரோப்பாவில் 2025-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எல்லாம் நல்ல விஷயம்தான், நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் ஹாபிடாட்டைப் பாருங்கள். ஓக்லண்டில் உள்ள ஒரு அருங்காட்சியகம் 2016-ல் அதன் மூல நிரலை வெளியிட்டது. தன்னார்வலர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து தெருக்கள் வந்தன, எந்திரங்கள் வந்தன. விடிய விடியப் பொம்மை சுமந்தவர்கள் மட்டும் வரவில்லை. அவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதற்கு நிரல் காரணம் இல்லை, யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து எழுதி வைத்ததுதான் காரணம்.

பீட்சா கடையில் எனக்குத் தினமும் பரிமாறிய ஒரு பச்சைப் பெங்குவின் இருந்தது. ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. நிஜப்பெயர் கேட்டதே இல்லை, அங்கே அதைச் சொல்லவும் கூடாது. தீவு திரும்பி வந்தாலும் அந்தப் பெங்குவினை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

மாமாவின் கேசட்டில் மரியோ இருக்கிறார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டைப் பிடித்திருந்த எதிர்வீட்டு நண்பர் அதில் இல்லை. அவரைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டி ஏதாவது கிடைத்தால் ஓட்டிப் பாருங்கள் நண்பர்களே. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, கூட விளையாடியவர் யார் என்று கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.