எலியட்ஸ் பீச்சும் அலையேறத் தெரிந்தவர்களும்

போன மாதம் பேரனைக் கோவளத்துக்கு அழைத்துப் போனேன். சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டுமாம். காலை ஐந்தரைக்கே அடையாறிலிருந்து கிளம்ப வேண்டும் என்றார்கள். பென்ஷன்காரனுக்கு எப்படியும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சி கொடுத்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கோவளம் குப்பத்துப் பிள்ளை. மணலில் பலகையைப் போட்டு, குப்புறப் படுப்பது, கை ஊன்றி எழுந்து நிற்பது எல்லாம் காட்டினான். தண்ணீருக்குள் இறங்குமுன் ஒன்று சொன்னான்: "உள்ள இழுத்துச்சுன்னா கரையப் பாத்து நீந்தாதீங்க. பக்கவாட்டுல போங்க."

இதே வார்த்தையை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1974. எழிலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. (பிரெஞ்சில் படித்துவிட்டு வந்தவன் தமிழில் கோப்பு எழுதக் கற்ற கதையை முன்பே எழுதியிருக்கிறேன்.) புதுச்சேரிக் கடலோரத்தில் வளர்ந்ததால் நீச்சல் தெரியும் என்ற திமிர் உண்டு. ஆடி மாதம் ஒரு ஞாயிறு மாலை, பெசன்ட் நகர் ஷ்மிட் மண்டபத்துக்கு நேர் எதிரே இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர்தான். காலடி மணல் சரிந்தது. அடுத்த அலை வருவதற்குள் தரை எட்டவில்லை. கரையைப் பார்த்து முழுமூச்சாக நீந்தினேன். கரை தள்ளிக்கொண்டே போயிற்று. வடக்கே ஊரூர் குப்பத்துக்கு நேராக இருந்தபோது கட்டுமரத்தில் வந்த ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். கரையில் நான் வாந்தியெடுத்து முடிக்கும் வரை நின்றார். "இன்னா தம்பி, தண்ணி உள்ள இஸ்துதுன்னா கரையப் பாத்தா நீஞ்சுவாங்க? சைடுல போவணும்" என்றார். நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. வெட்கம், நடுக்கம், எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரம்.

அந்த ஷ்மிட் மண்டபத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது. பிழைத்துக்கொண்ட ஆங்கிலேயப் பெண்மணி அன்றிரவே ஒரு விருந்தில் ஒன்றும் நடவாததுபோல் இருந்ததாகவும், அதைக் கண்டு மனம் பொறுக்காத கவர்னர் இதைக் கட்டச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த மனிதருக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான்.

ஆனால் இந்தக் கரையில் ஆளைக் காப்பாற்றும் வேலை அவருக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் அலை உடையும் பகுதியைத் தாண்ட வேண்டுமே? அதற்குத்தான் மசூலா படகு. ஆணியே கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு அலையடியில் பிளந்துவிடும். இது வளைந்து கொடுக்கும். எங்கள் புதுச்சேரியில் அதன் பெயர் சலங்கு, பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஷெலாங்'. பக்கத்திலேயே கட்டுமரங்களும் துணைக்கு வரும். படகு கவிழ்ந்தால் துரைமார்களையும் துரைசானிகளையும் தூக்கிப் போடுவது கட்டுமரக்காரர்கள் பொறுப்பு. அப்படிக் காப்பாற்றியவர்களுக்குப் பதக்கம் கொடுத்ததைப் பழைய பயணக் குறிப்புகள் சொல்கின்றன. பதக்கம் வாங்கியவர்களின் பெயர்களை மட்டும் அவற்றில் காணோம்.

கட்டுமரம் என்ற நம் சொல்லே 'கேட்டமரன்' ஆகி உலகம் முழுதும் உல்லாசப் படகுக்குப் பெயராக ஓடுகிறது. அந்தப் படகுக்கும் நம் கட்டுமரத்துக்கும் தோற்றத்தில் பெரிதாகச் சம்பந்தமில்லை, அது வேறு விஷயம்.

1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. வருஷத்தில் பெரும்பகுதி இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதால் தென்பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. சேர்ந்த மணலின் ஓரத்தில் 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார்.

துரைமார்களுக்குத் தண்ணீர் விளையாட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. மெட்ராஸ் போட் கிளப் 1867-ல். கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் நின்றால் துடுப்புப் படகுகளை நானும் எட்டிப் பார்த்ததுண்டு. பாய்மரப் படகுகளுக்கான யாட் கிளப் 1911-ல். ஆரம்பித்தவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த வருஷம் அவர் ஆபீஸில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த குமாஸ்தாதான் கணித மேதை ராமானுஜன். குமாஸ்தா இனத்துக்கு இதைவிடப் பெருமை வேறென்ன!

குப்பத்துப் பிள்ளைகளும் அன்றே அலையில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். உடைந்த மரத்துண்டைப் போட்டுப் படுத்து அலையோடு கரைக்கு வருவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெரினாவில் தினமும் பார்த்திருக்கிறேன். அதை விளையாட்டு என்று யாரும் சொல்லவில்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய், விவகாரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அழகுக்கு இடைஞ்சல் என்றுதான் அன்று ஆபீஸிலும் பேசிக்கொண்டோம். நானும் தலையாட்டியிருக்கிறேன், பதினோரு வருஷம் முன்னால் கட்டுமரத்தால் பிழைத்தவன்.

பிறகுதான் கோவளம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பலகையில் ஏறிப் பார்த்து, 2012-ல் அங்கே சர்ஃபிங் பள்ளி அமையக் காரணமானார். குடி, புகை கூடாது என்பது பள்ளியின் சட்டம். 2021-ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்தது, புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் கூடவே. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது.

பேரன் மூன்றாம் நாள் பலகையில் எழுந்து நின்றான், ஐந்து விநாடி இருக்கும். பையனிடம் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் கேட்டேன். "எதுக்கு ஐயா?" என்று சிரித்தான்.

அந்த வார வெள்ளிக்கிழமை ஊரூர் குப்பத்துக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் 1974 சமாசாரத்தைச் சொன்னேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"அந்த மாதிரி எத்தினியோ பேர இஸ்துப் போட்டிருக்காங்க சார். யாருன்னு சொல்றது? இன்னா மாசம்?"

"ஆடி."

"அப்ப தெண்டி வெள்ளம். தெக்க எறங்கி இங்க வந்து கெடச்சிருப்பீங்க."

ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.