ஒரு கேள்வித்தாளும் அதன் மூணு கோடும்: ஒரு சின்ன த்ரெட்

ஓட்டப்பிடாரம் பக்கம் மாச செக்கப்புக்கு வர்ற கர்ப்பிணிகளுக்கு எடை, பிரஷர், ரத்த அளவு, சுகர், ஸ்கேன் எல்லாம் பார்த்துடுறோம். "மனசு எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டா மட்டும், "அசதியா கெடக்கு டாக்டர், தூக்கமே இல்ல"ம்பாங்க. எட்டாம் மாசத்துல யாருக்குத்தான் அசதி இல்ல? இதுல மனச்சோர்வை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இந்தச் சிக்கல் பழசு. பொதுவான மனச்சோர்வுக் கேள்வித்தாள்கள் தூக்கம், பசி, களைப்புன்னு உடம்பைத்தான் அதிகம் கேட்கும். அதை வச்சுப் பார்த்தா நல்லா இருக்கிற கர்ப்பிணிகூட நோயாளியாத் தெரிவாங்க.

ஜான் காக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் மனநல மருத்துவர். 1970களில் உகாண்டாவில் கர்ப்பிணிகளின் மனநலத்தை ஆராய்ந்தவர். பிறகு ஸ்காட்லாந்தில் ஹோல்டன், சகோவ்ஸ்கி இருவரோடு சேர்ந்து 1987-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். 10 கேள்வி, கடந்த 7 நாளைப் பற்றி, மொத்தம் 30 மதிப்பெண். உடம்புக் கேள்விகளைத் தூக்கிட்டாங்க. தூக்கத்தைக்கூட, 'மனவருத்தத்தால் தூக்கம் கெட்டதா'ன்னுதான் கேட்டாங்க. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கிற எண்ணம் பற்றி. இதுதான் எடின்பரோ கேள்வித்தாள்.

பெயரிலேயே 'பிரசவத்துக்குப் பின்'னு இருக்கிறதால, வயித்துல பிள்ளை இருக்கும்போது இது வேணாம்னு பலர் நினைக்கிறாங்க. 1990-லேயே கர்ப்பிணிகளிடமும் சோதிச்சுட்டாங்க.

நம்ம ஊர் ஆதாரம் வேலூர்ல இருந்து வந்தது. சிஎம்சி குழு கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூணு மாசத்துல சந்திச்சு, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள்ள மறுபடி பார்த்தாங்க. 2002-ல் வெளியான முடிவு: பிரசவத்துக்குப் பின் புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம். வறுமை, ஆண் பிள்ளை எதிர்பார்த்து பெண் பிறந்தது, கூடமாட உதவிக்கு ஆளில்லாதது, கர்ப்பகாலத்துல நடந்த கெட்ட சம்பவங்கள், மாமியாரோடு மனக்கசப்பு, பெத்தவங்களோடும் மனக்கசப்பு. அந்தக் கடைசிக் காரணத்தை நாம யோசிக்கிறதே இல்லை. வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்கு அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறோம்.

இப்போ கோடு. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல கவலைப்படணும்? 1987-ல் பிரிட்டனில் பிரசவமானவங்களுக்கு 13. அங்கேயே கர்ப்பிணிகளுக்கு 15-ன்னு ஏறிச்சு. 2005-ல் தமிழ் வடிவத்தைப் பிரசவமான நம்ம பெண்களிடம் சோதிச்சப்போ 9-ன்னு இறங்கிடுச்சு. அதாவது 10 வாங்கின தமிழ்ப் பெண்ணை பிரிட்டிஷ் கோட்டை வச்சுப் பார்த்தா, "நல்லாத்தான் இருக்கீங்க"ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவோம். ஒரு தாளை மொழிபெயர்த்தா மட்டும் போதாதுங்கிறது இதனாலதான்.

மதிப்பெண் கூடினா நோய்னு முடிவாகிடாது. உட்கார வச்சு விரிவா பேசணும்னு அர்த்தம். கடைசிக் கேள்விக்கு 'ஆமா' மாதிரி பதில் வந்தா, மொத்தம் எவ்வளவு குறைவா இருந்தாலும் அன்னைக்கே பேசணும். பக்கத்துல அத்தையோ கணவரோ இருந்தா எந்தப் பொண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டா. அஞ்சு நிமிஷம் அவங்களை வெளியே உட்காரச் சொல்லுங்க.

வீட்டுல இருந்தே பேசணும்னா டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.