ஒரே சொல், இரண்டு கரை

ஃபோர்ட் ஈரியில் பீஸ் பாலத்தில் ஏறும்போது கனடா, இறங்கினால் பஃபலோ. கீழே நயாகரா ஆறு, வலப்பக்கம் ஈரி ஏரி. ஏரியிலிருந்து எழும் பனி இரு கரையிலும்தான் கொட்டுகிறது. அதை அறிவிக்கும் மொழிதான் பாலத்தின் நடுவில் மாறிவிடுகிறது. செ.மீ. அங்குலமாவதும் செல்சியஸ் ஃபாரன்ஹீட்டாவதும் கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும். கணக்கில் தீராத சிக்கல் சொற்களில் இருக்கிறது.

‘ஸ்னோ ஸ்குவால் வார்னிங்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒன்டாரியோவில் அது ஏரியிலிருந்து கிளம்பி வரும் பனிப்பட்டைகளுக்கான எச்சரிக்கை. 12 மணி நேரத்தில் 15 செ.மீ. கொட்டலாம் என்றால் விடுப்பார்கள், சில வேளை நாள் முழுக்க நீடிக்கும். டொராண்டோத் தமிழர்களுக்கு இது பழகிய சொல். பார்த்துவிட்டு, கொஞ்சம் மெதுவாக ஓட்டலாம் என்று கிளம்பிவிடுவோம். பஃபலோவில் அதே ஏரிப் பனிக்குப் பெயர் ‘லேக் எஃபெக்ட் ஸ்னோ வார்னிங்’. அங்கே ‘ஸ்குவால் வார்னிங்’ என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கான அவசர அறிவிப்பு. வரைபடத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் கட்டம் கட்டி விடுவார்கள். கடுமையானதாக இருந்தால் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கைபேசிகள் அலறும்.

பஃபலோ தாண்டி 90ஆம் நெடுஞ்சாலையில் ஒருமுறை எங்கள் கைபேசி அப்படி அலறியது. அக்கா அப்போதுதான் அழைத்து, “தம்பி, இஞ்ச நல்ல வெயில் எறிக்குது, பயப்பிடாமல் வாங்கோ” என்றிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஏரிப் பனியின் பட்டை குறுகலானது, சில மைல் தள்ளி வானம் வெளுத்திருக்கும். கனடாக் காதோடு கேட்ட நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பத்து நிமிடத்தில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு காணாமல் போனது. அந்த எச்சரிக்கை சொன்னது ‘உடனே சாலையை விட்டு வெளியேறு’ என்பதை. தொடர் மோதல்களைத் தடுக்கத்தான் அந்த அறிவிப்பே இருக்கிறது.

பனிப்புயலுக்கான அளவுகோலும் வேறுதான். பார்வை 400 மீட்டருக்குக் கீழே போக வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொது. காற்று மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 4 மணி நேரம் என்கிறது தென் கனடா, 56 கி.மீ. வேகத்தில் 3 மணி நேரம் என்கிறது அமெரிக்கா.

நிறங்களில் குழப்பம் இன்னும் பெரிது. கனடா 2025 நவம்பரிலிருந்து எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சேர்த்திருக்கிறது. எத்தனை செ.மீ. என்பதோடு நிற்காமல், அதனால் விளையக்கூடிய பாதிப்பையும் கணிப்பின் உறுதியையும் வைத்து நிறம் தீர்மானமாகிறது. அடிக்கடி வருவது மஞ்சள், அரிதானது சிவப்பு. அமெரிக்க வானிலைச் சேவையின் வரைபடத்தில் நிறம் எச்சரிக்கையின் வகையைத்தான் காட்டும். அங்கே ‘விண்டர் ஸ்டார்ம் வார்னிங்’ இளஞ்சிவப்பில் இருக்கும். அதைக் கனடாவின் சிவப்பாக எண்ணிப் பயப்படுவதும் தவறு, மஞ்சளைக் காணோமே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. சாதாரண வாசகனுக்குக் கனடா முறைதான் எளிது என்பேன். ஆனால் சாலையில் இருப்பவனின் உயிரைக் காப்பதில் அமெரிக்காவின் அந்தச் சிறு கட்டத்துக்கு நிகரில்லை.

2022 டிசம்பர் 23 அன்று தொடங்கிய புயலை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பஃபலோ விமான நிலையத்தில் 37 மணி நேரம் பனிப்புயல் நிலை நீடித்தது. அக்கரையில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இக்கரையில் கிரிஸ்டல் பீச்சின் வீடுகள் பனிக்கட்டிக்குள் உறைந்து நின்றன. பஃபலோவில் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. வாகனத் தடையோ புயல் தொடங்கிய அன்று காலையில்தான் வந்தது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

எல்லை தாண்டப் போகிறவர்கள் தலைப்புச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எவ்வளவு, எந்த ஊர் என்று உள்ளே எழுதியிருப்பதைப் படியுங்கள். திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்துப் பாருங்கள். சாலை நிலவரம் கேட்க ஒன்டாரியோவிலும் நியூயார்க்கிலும் எண் ஒன்றுதான்: 511.